படலை முதல் விறாந்தை வரை: வன்னி வீட்டில் மோட்டார் சைக்கிளை ஏற்றி, நிறுத்தி, பாதுகாக்கும் முறை

வன்னியில் காணிக்குப் பஞ்சமில்லை. அரை ஏக்கர் வளவு வைத்திருப்பவர் பைக் விட இடமில்லை என்று சொன்னால் கொழும்பில் இருப்பவர் சிரிப்பார். சிக்கல் இடத்தில் இல்லை, அந்த இடத்துக்குப் போய்ச் சேருவதில்தான். ஒழுங்கை மணலாய் இருக்கும். குறுக்கே வாய்க்கால் ஓடும். படலை ஒரு ஆள் போகும் அகலத்தில் இருக்கும். மாரி தொடங்கினால் முற்றம் சேறு. இவை எல்லாவற்றையும் தாண்டினால் வீட்டு அத்திவாரம் தரையிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உயர்ந்து, மூன்று படிகளோடு நிற்கும். மீள்குடியேற்றத்துக்குப் பின் கட்டிய 550 சதுர அடி வீடுகளில் பைக்குக்கென்று ஒரு மூலை யாரும் ஒதுக்கவில்லை. கடைசியில் பைக் மாமரத்தின் கீழ் நின்று நனைகிறது.

மர நிழல் நல்ல இடமில்லை. தென்னை என்றால் தேங்காய், பனை என்றால் ஆவணியில் பனம்பழம். எந்த மரமானாலும் குரங்கு இறங்கி சீற் உறையைக் கிழிக்கும், கண்ணாடியை முறிக்கும்.

கீழே உள்ளது வீதியிலிருந்து நிறுத்தும் இடம் வரை வரிசைப்படியான வேலை. மண்வேலையும் கொங்கிறீட்டும் ஆவணிக்குள் முடிய வேண்டும். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு கிரவல் இறுகாது, லொறியும் ஒழுங்கைக்குள் வராது.

முதலில் அளவு நாடா

ஒரு தாளில் வீதியிலிருந்து வீடு வரை கோடு போட்டு ஐந்து அளவுகளைக் குறியுங்கள்: ஒழுங்கையின் மிகக் குறுகலான இடம், வாய்க்காலின் அகலம், படலையின் திறந்த அகலம், முற்றத்திலிருந்து விறாந்தைத் தளம் வரை உயரம், கதவுநிலையின் உள் அகலம். இதில் மிக மோசமான ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கும். படலையை ஐந்து அடியாக்கிவிட்டு, வாய்க்காலுக்கு மேல் ஒன்பது அங்குலப் பலகை போட்டிருந்தால் பயனில்லை.

பைக்கையும் அளவுங்கள். 100 சீசீ வகைகள் ஏறத்தாழ 110 முதல் 118 கிலோ வரை வரும். பல்சர் 150 போன்றவை 145 கிலோவை நெருங்கும். டியோ ஸ்கூட்டர் 105 கிலோ அளவில். ஹாண்டில் 28 முதல் 31 அங்குலம் அகலம். கண்ணாடிகளோடு அதற்கு மேல். நீளம் ஆறரை அடி. கீழ்ப்பகுதிக்கும் நிலத்துக்கும் இடைவெளி ஆறரை அங்குலம் அளவு. நடு ஸ்ராண்டின் கால் அதைவிடத் தாழ்ந்து இருக்கும், அதைத் தனியாக அளந்து எழுதுங்கள்.

ஆறாவது அளவு ஒன்றும் உண்டு: வெள்ள மட்டம். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஒரே இரவில் நீர் ஏறியது. அந்தத் தண்ணீர் உங்கள் சுவரில் எதுவரை வந்தது என்று அயலவரிடம் கேளுங்கள், பழைய வீடென்றால் சுவரிலேயே கறை இருக்கும். பைக் நிற்கும் தளம் அந்தக் கறைக்கு மேலே இருக்க வேண்டும். அது முடியாவிட்டால் விறாந்தையில் ஏற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

மண் கிண்டுவதற்கு முன்

போர் நடந்த மண் இது. கண்ணிவெடி அகற்றும் வேலை வன்னியின் சில பகுதிகளில் இன்னும் நடக்கிறது. வளவு சோதித்து விடுவிக்கப்பட்டதாக இருந்தாலும், புதிதாகக் கிண்டும் குழியிலும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டும் மண்ணிலும் கண் வையுங்கள். மண்வெட்டியில் அறியாத இரும்புப் பொருள் தட்டுப்பட்டால் தொடாமல், தட்டாமல், இடத்தைக் கம்பு நட்டு அடையாளப்படுத்திவிட்டு 119க்கு அல்லது கிராம சேவையாளருக்குச் சொல்லுங்கள். ஏற்றி வரும் கிரவல் எங்கே வெட்டியது என்று கேட்டு வாங்குவதும் நல்லது.

ஒழுங்கையும் வாய்க்காலும்

மணலும் களியும் வேறு வேறு விதமாய்ப் படுத்தும். முள்ளிவாய்க்கால், மாத்தளன் போன்ற கரையோர மணலில் முன் சில்லு புதைந்து ஹாண்டில் தானாகத் திரும்பும். வயலோரக் களியில் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையே சேறு அடைந்து சில்லே சுற்றாமல் நிற்கும். அப்போது எஞ்சினை முறுக்கினால் கிளச் தட்டுத்தான் தேயும். தடியால் சேற்றைத் தோண்டிவிட்டு நகருங்கள். செம்மண் காய்ந்தபோது கல் மாதிரி இருக்கும். முதல் மழையோடு சவர்க்காரம் பூசியது போலாகிவிடும்.

மூன்றுக்கும் மருந்து ஒன்றே: இரண்டரை அடி அகலத்தில் ஒரு கிரவல் பாதை. ஒழுங்கை முழுவதற்கும் கொட்டத் தேவையில்லை. மேல்மண்ணை நான்கு அங்குலம் வழித்து, ஆறு அங்குலக் கிரவல் பரப்பி, தண்ணீர் தெளித்து, நான்கரை அங்குலமாகும் வரை இடியுங்கள். பத்து அடி நீளத்துக்கு 12 முதல் 13 கன அடி கிரவல் போகும். நடுவை ஓர் அங்குலம் உயர்த்தி இருபக்கமும் தண்ணீர் வடியவிட வேண்டும். தட்டையாக விட்டால் ஒரு மாரியிலேயே பள்ளம் விழுந்துவிடும். மணல் நிலத்தில் கிரவலுக்குக் கீழே பழைய உரப்பைகளை விரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் கிரவல் மெல்ல மெல்ல மணலுக்குள் இறங்கும்.

வாய்க்கால் என்றால் முதலில் அது யாருடையது என்று பாருங்கள். வயலுக்குப் பாயும் வாய்க்காலென்றால் கமக்கார அமைப்போடும் நீர்ப்பாசனத் திணைக்களத்தோடும் கதைக்க வேண்டும். உள்வீதி வடிகால் பெரும்பாலும் பிரதேச சபையின் பொறுப்பு. ஏ9 நெடுஞ்சாலை ஓரமென்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. கேட்காமல் குழாய் புதைத்து, தண்ணீர் தேங்கி, பக்கத்து வயல்காரரோடு மனக்கசப்பு வந்தபின் தோண்டி எடுப்பது இரட்டைச் செலவு.

அனுமதி கிடைத்தால் சீமெந்துக் குழாய்தான் நிலைத்து நிற்கும். குழாயின் விட்டம் மாரியில் ஓடும் நீரின் அளவைப் பொறுத்தது. 12 அங்குலத்துக்குக் குறைந்தது குப்பை அடைத்துவிடும். குழாய்க்கு மேலே குறைந்தது ஓர் அடி இறுகிய மண் இருக்க வேண்டும், மணல் ஏற்றி வரும் உழவு இயந்திரமும் அதன் மேலால்தான் ஏறும். தற்காலிகமாகப் பலகை போடுவதானால் இரண்டு அங்குலத் தடிப்பில் இரண்டு பலகைகளை ஒட்டிப் போட்டு, அடியில் மூன்று குறுக்குச் சட்டம் அறைந்து இணையுங்கள். ஒற்றைப் பலகையில் பைக் போய்விடும், ஆனால் பக்கத்தில் நடப்பவருக்குக் கால் வைக்க இடமிராது.

படலை

நேராக உள்ளே நுழைய மூன்றரை அடி போதும். ஒழுங்கையிலிருந்து செங்குத்தாகத் திரும்பி நுழைவதானால் கதை வேறு. பைக் திரும்புவதற்கு ஏறத்தாழ இரண்டு மீற்றர் ஆரம் வேண்டும். ஒழுங்கை ஆறு அடி என்றால் படலை ஐந்து அடி இல்லாமல் ஒரே வீச்சில் திரும்பாது. வேலியை உடைத்து அகலமாக்குவதைவிட, படலைத் தூணில் ஒன்றை மட்டும் வளவின் உள்பக்கம் இரண்டு அடி தள்ளி நட்டு, படலையைச் சரிவாக வைத்தால் அதே அகலத்தில் சுலபமாய் நுழையலாம். படலை உள்பக்கம் திறக்கட்டும். வெளிப்பக்கம் திறந்தால் ஒழுங்கையில் பைக்கை நிறுத்தி, இறங்கி, பின்னால் தள்ளிவிட்டுத்தான் திறக்க முடியும்.

ஏற்றம்: எல்லாரும் பிழைவிடும் இடம்

பலகையின் நீளம் குறைந்தால் செலவு குறையும் என்று எல்லாரும் ஐந்து அடிப் பலகையில் நின்றுவிடுகிறார்கள். 115 கிலோ பைக்கைச் சரிவில் தாங்கிப் பிடிக்கவே எவ்வளவு தள்ளு வேண்டும் என்று கணக்குப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். ஓர் அடி உயரத்துக்கு மூன்று அடி நீளமென்றால் ஏறக்குறைய 36 கிலோ. நான்கு அடியென்றால் 28. ஆறு அடியென்றால் 19. எட்டு அடியென்றால் 14. சில்லு உருளும் தடையும் சேறும் இதற்கு மேலே. வயதான ஒருவர் தனியாகத் தள்ளுவதென்றால் எட்டு அடிக்குக் குறையக் கூடாது. எஞ்சினை இயக்கி நடத்தி ஏற்றுவதானால் ஆறு போதும். நான்குக்குக் கீழே போக வேண்டாம். இரண்டுக்கு ஒன்று என்ற செங்குத்தில் ஏறினால் உச்சியில் நடு ஸ்ராண்ட் படி விளிம்பில் இடித்து, முன் சில்லு மேலே, பின் சில்லு கீழே என்று பைக் தொங்கி நின்றுவிடும்.

வீட்டில் சக்கர நாற்காலி பாவிப்பவர் இருந்தால் கேள்வியே இல்லை: ஓர் அடிக்குப் பன்னிரண்டு அடி என்ற சாய்வில், மூன்றரை அடி அகலத்தில், மேலே ஐந்து அடிச் சமதளத்தோடு கட்டுங்கள். பைக்கும் அதிலேயே சுகமாய் ஏறும்.

*பலகை ஏற்றம்.* அத்திவாரம் ஒன்றரை அடி வரை என்றால் பலகையால் சமாளிக்கலாம். ஒன்பது அடி நீளம், பத்து அங்குல அகலம், இரண்டு அங்குலத் தடிப்பு. மரக்காலையில் புதிது வாங்காமல், பழைய கூரை பிரித்த வைரமான பனஞ்சலாகைகள் கிடைத்தால் மூன்றைச் சேர்த்துக் கட்டலாம். (பனை தறிப்பதானால் பிரதேச செயலகத்தில் அனுமதி வேண்டும், கிடக்கும் பழைய மரம் நல்லது.) பலகையின் நடுவில் ஒரு சீமெந்துக் கல்லை முண்டு கொடுங்கள், இல்லாவிட்டால் பலகை வில்லாய் வளைந்து, பைக் நடுவில் குதித்து, கைதவறும்.

எஞ்சின் பலத்தில் பைக் மேலே போகும்போது பின் சில்லு பலகையைப் பின்னால் உதைக்கும். பலகை வழுக்கி விழுவது இதனால்தான். ஆகவே மேல்முனையின் அடியில் இரண்டு அங்குலக் கோண இரும்பை இரண்டு போல்ற் போட்டு முடுக்கி, அது விறாந்தைத் தளத்தில் வெட்டிய சிறு தவாளிப்பில் மாட்டி நிற்கச் செய்யுங்கள். கீழ்முனைக்குப் பின்னால் ஓர் இரும்புக் கம்பியை ஓர் அடி ஆழத்துக்கு அறையுங்கள். மேற்பரப்பில் பழைய ரயரை இரண்டு அங்குலப் பட்டிகளாய் வெட்டி ஆறு அங்குலத்துக்கு ஒன்றாகக் குறுக்கே அறையலாம். ஆணித்தலை ரப்பருக்குள் அமிழ வேண்டும். கறையானுக்காகக் கழிவோயில் பூசுவதானால் அடிப்பக்கமும் வெட்டு முனைகளும் மட்டும். மேலே பூசினால் விழுவது நிச்சயம்.

பலகையைப் படியின் வலப்பக்கம் போடுங்கள். பைக்கைத் தள்ளுபவர் எப்போதும் அதன் இடப்பக்கம் நிற்பார், அவர் கால்வைக்க இடப்பக்கப் படிகள் வேண்டும்.

*கொங்கிறீட் ஏற்றம்.* ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்குபவர் இதைக் கட்டிவிடுவதே மேல். ஒன்றரை அடி உயரம், ஒன்பது அடி நீளம், மூன்றரை அடி அகலத்துக்கு: சீமெந்து மூன்று பை (தளத்துக்கு இரண்டு, கல் அடுக்க அரை, மீதி தேவைக்கு), மணல் எட்டுக் கன அடி, முக்கால் அங்குலச் சல்லி பத்துக் கன அடி, நான்கு அங்குலச் சீமெந்துக் கல் முப்பது, கிரவல் எட்டுப் பத்து தள்ளுவண்டி.

இருபக்கமும் முக்கோணமாய்க் கல் கட்டி, அதற்குள் கிரவலை ஆறு அங்குலம் ஆறு அங்குலமாகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து இடியுங்கள். ஒரேயடியாகக் கொட்டி மேலால் மட்டும் இடித்தால் முதல் மாரியில் கீழே இறங்கி, மேலே போட்ட தளம் குறுக்கே வெடிக்கும். தளம் நான்கு அங்குலம், கலவை 1:2:4. தண்ணீரை மேசன் கேட்பதைவிடக் கொஞ்சம் குறைத்தே விடச் சொல்லுங்கள். வேலை சுலபத்துக்காகத் தளதளவென்று குழைத்த கலவை சாய்வில் கீழே வழிந்து, மேல்பக்கம் மெலிந்து போகும்.

ஏற்றம் தரையைத் தொடும் அடிமுனை பூச்சியமாக மெலிந்தால் இரண்டு மாதத்தில் உடைந்து பல் காட்டும். அந்த இடத்தில் ஆறு அங்குல அகலம், ஆறு அங்குல ஆழத்தில் குறுக்கே ஒரு சிறு கான் வெட்டி, அதையும் சேர்த்து நிரப்புங்கள். கலவை அரைப்பதமாய் இறுகும்போது தும்புத்தடியால் குறுக்கே இழுத்தால் ரயருக்குப் பிடி கிடைக்கும். இருபக்க விளிம்பிலும் இரண்டு அங்குல வரம்பு விடுங்கள், சில்லு வெளியே போகாது.

ஏழு நாள் நனைந்த சாக்கால் மூடித் தண்ணீர் விட வேண்டும். அதற்குள் பைக்கை ஏற்ற வேண்டாம். கூரைத்தண்ணீர் ஏற்றத்தில் சொட்டும்படி இருந்தால் அந்த இடத்துக்கு மட்டுமாவது ஒரு பீலி போடுங்கள். சொட்டுமிடத்தில் கார்த்திகைக்குள் பாசி பிடிக்கும். பிடித்தால் பிளீச்சிங் தூளைத் தூவிக் கால் மணி நேரம் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள்.

ஏற்றுவது எப்படி

ஏறி இருந்து ஓட்டிக்கொண்டு ஏறவே கூடாது. விறாந்தையில் கால் ஊன்ற நேரமில்லை, எதிரே சுவர்.

1. பையைக் கழற்றி, பின்னால் கட்டிய சாமான்களை இறக்குங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடப்பதைவிடப் பிடியுள்ள சப்பாத்து நல்லது.
2. ஆறு அடி பின்னாலிருந்தே ஏற்றத்துக்கு நேராகப் பைக்கை நிறுத்துங்கள். சரிவில் வைத்து நேராக்க முடியாது.
3. இடப்பக்கம் நின்று, இடுப்பு சீற்றில் பட, பைக்கை ஒரு விரற்கடை உங்கள் பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். மறுபக்கம் சாய்ந்தால் பிடிக்க ஆளில்லை.
4. எஞ்சினை இயக்கி, முதல் கியர், அரைக் கிளச். முன் சில்லு ஏற்றத்தைத் தொட்டவுடன் மெல்லிய ஒரே சீரான வேகத்தில் நடங்கள். இடையில் நிற்க வேண்டாம்.
5. நின்றுவிட்டால் கிளச்சை முழுவதும் விட்டுவிடுங்கள். எஞ்சின் அணைந்து கியர் பின் சில்லைப் பிடித்துக்கொள்ளும். நடுச்சரிவில் மறுபடி இயக்கப் பார்க்காமல், கிளச்சைச் சிறிது சிறிதாய் அழுத்தி விட்டுப் பின்னால் இறக்கி, அடியிலிருந்து தொடங்குங்கள்.
6. பின் சில்லு உச்சியைத் தாண்டும் கணத்தில் பாரம் சட்டென்று குறைந்து பைக் முன்னே பாயும். அதற்கு ஒரு அடி முன்பே அக்சிலேற்றரை விட்டுக் கிளச்சைப் பிடியுங்கள்.

தனியாக ஏற்றும்போது வலப்பக்கம் சரியத் தொடங்கினால் விட்டுவிடுங்கள். முறிந்த லீவரை மாற்றலாம். உதவிக்கு வருபவர் பின்னால் நிற்காமல் வலப்பக்கம் பின் கரியரைப் பிடித்து நடக்கட்டும்.

இறக்கும்போது முன்பக்கமாக இறக்க முடிந்தால் முன் பிறேக்கே போதும், பாரம் முன் சில்லில் இருக்கும். திருப்ப இடமில்லாமல் பின்பக்கமாக இறக்கும்போது முன் பிறேக்கை நம்ப வேண்டாம்: பாரம் பின் சில்லுக்குப் போய்விடுவதால் முன் சில்லு பூட்டியபடியே வழுக்கி வரும். எஞ்சினை நிறுத்தி, முதல் கியரில் விட்டு, கிளச்சையே பிறேக்காகப் பாவியுங்கள். டியோ போன்ற ஸ்கூட்டர்களில் இந்த வித்தை நடக்காது. எஞ்சின் நின்றால் சில்லு சும்மா உருளும். அதற்கு இடக்கைப் பின் பிறேக் லீவர்தான் கதி.

விறாந்தையில் திருப்புவதும் கதவால் நுழைப்பதும்

ஹாண்டில் 30 அங்குலமும் கதவுநிலை 32 அங்குலமும் என்றால் நேராகத் தள்ளினால் விரல் நசியும். ஹாண்டிலை இடப்பக்கம் முழுவதும் திருப்பி ஒரு முனையை முதலில் நுழைத்து, பிறகு நேராக்கி மறுமுனையை எடுக்க வேண்டும். கண்ணாடி தடுத்தால் பெரும்பாலும் 14 நம்பர் ஸ்பனரால் கழற்றலாம். யமஹாவின் வலக் கண்ணாடி எதிர்ப்புரி, வழக்கமான பக்கம் திருகினால் இன்னும் இறுகி நூல் போய்விடும்.

விறாந்தை நான்கு அடி அகலமென்றால் உருட்டித் திருப்ப முடியாது. நடு ஸ்ராண்ட் உள்ள பைக்குக்கு ஒரு வழி: ஒன்றரை அடிச் சதுரத் தடித்த பிளைவூட் துண்டின் அடியில் சாக்கை இழுத்து ஆணியடித்து, அதன் மேல் நடு ஸ்ராண்டைப் போடுங்கள். முன் சில்லும் நிலத்தில் படாதபடி ஒருவர் பின்பக்கத்தை அழுத்தினால், வழவழப்பான சீமெந்துத் தரையில் பைக் முழுவதும் அப்படியே சுழலும். சைட் ஸ்ராண்டில் சாய்த்துச் சுழற்றுவதை இளைஞர் செய்து காட்டுவார்கள். ஸ்ராண்ட் பொருத்திய காது வளைந்து, பிறகு பைக் நிமிர்ந்தே நிற்காது.

எங்கே நிறுத்தக்கூடாது

வீட்டுக்குள் நிறுத்துவதை வெள்ள நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வது எங்கள் கருத்து. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு தவழ்ந்து போய் அடுப்படியையோ சாமி விளக்கையோ நுளம்புச் சுருளையோ தேடிப் பிடிக்கும். உள்ளே வைத்தால் பெற்றோல் குழாயை மூடுங்கள், டாங்கி மூடியின் ரப்பரைப் பாருங்கள். மூடிய அறைக்குள் எஞ்சினை இயக்கவே வேண்டாம். 2022 தட்டுப்பாட்டில் கலன்களில் சேர்த்து வைத்த பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தக் கலன் பைக் நிற்கும் அறையில் இருக்கக் கூடாது.

நெல் மூட்டைக்குப் பக்கத்திலும் வேண்டாம். பெரும்போக அறுவடையோடு விறாந்தையில் மூட்டை அடுக்கினால் எலி வரும், வயர் அறுக்கும். காட்டோரக் கிராமங்களில் நெல் மணத்துக்கு யானையும் வரும். அது சுவரைத் தள்ளும்போது பக்கத்தில் எது நிற்கிறது என்று பார்ப்பதில்லை.

வெள்ளம் ஏறாத வளவென்றால் வீட்டுப் பக்கச் சுவரோடு ஒரு சாய்ப்பு இறக்குவதே சிறந்தது. ஒன்பது அடிக்கு ஐந்து அடி, முன் உயரம் ஏழு அடி, பின்னால் ஆறு. தளம் முற்றத்தைவிட ஒன்பது அங்குலம் உயர, அதற்கு நான்கரை அடிச் சிறு ஏற்றம். தூண்கள் இரண்டு அடி ஆழம். அமனோ தகரம் கொதிக்கும், ஆனால் கிடுகில் எலியும் கறையானும் நெருப்புப் பயமும் உண்டு. மாரி மழை வாடைக்காற்றோடு வடகிழக்கிலிருந்து அடிக்கும், வடக்கையும் கிழக்கையும் மூடுங்கள். சோளகக் காற்று புழுதியைத் தென்மேற்கிலிருந்து அள்ளி வரும், மேற்கே பச்சை வலை போதும். வாசல் தெற்கே.

பூட்டுவதற்கு 12 மில்லிமீற்றர் கம்பியைக் குதிரைலாட வடிவில் வளைத்து, கால்களின் முனையை வெளியே மடக்கி, ஓர் அடி கனக் கொங்கிறீட்டில் தளம் போடும்போதே புதைத்துவிடுங்கள். பத்துக் கிலோ சீமெந்து போதும். சங்கிலி பின் சில்லையும் சட்டத்தையும் சேர்த்துப் போக வேண்டும். பூட்டு தரையில் கிடக்காமல் தொங்கட்டும், தரையில் வைத்து அடித்து உடைப்பது சுலபம்.

மாதக்கணக்கில் விட்டுப் போவதானால்

கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள் பைக்கை அப்படியே நிறுத்திவிட்டு, திரும்பி வந்து கராஜுக்கு இருபது முப்பதாயிரம் கொடுக்கிறார்கள். போவதற்கு முன் அரை நாள் வேலை.

நல்ல தண்ணீரில் கழுவி, ஒரு மணி நேரம் வெயிலில் விட்டு, கொஞ்சத் தூரம் ஓட்டிச் சூடாக்கி ஈரத்தைப் போக்குங்கள். கடற்கரைப் பக்கமென்றால் இதைத் தவறவிடவே வேண்டாம். ஓயிலைச் சூட்டோடு மாற்றுங்கள், 100 சீசீக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர். பழைய ஓயிலின் அமிலம் மாதக்கணக்கில் உள்ளே கிடந்து பெயரிங்கை அரிக்கும். டாங்கியை நிரப்புங்கள், வெறும் டாங்கி உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். காபரேற்றர் உள்ள பைக்கில் பெற்றோல் குழாயை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, காபரேற்றரின் அடித்திருகையும் திறந்து வடியுங்கள். தேங்கும் பெற்றோல் பசையாகி ஜெற்றை அடைப்பதுதான் 'ஸ்ரார்ட் வராது' என்பதன் முக்கால்வாசிக் காரணம். இன்ஜெக்சன் பைக்குக்கு இது இல்லை, டாங்கியை நிரப்பினால் போதும்.

பற்றறியில் முதலில் கறுப்பு வயர், பிறகு சிவப்பு. திரும்பப் பூட்டும்போது எதிர்மாறு. 12.4 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் போட வேண்டும், 5 அம்பியர்-மணிப் பற்றறிக்கு அரை அம்பியர் வேகத்தில். வீட்டில் இருப்பவர் மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும். எஞ்சினை ஐந்து நிமிடம் இயக்கி நிறுத்தும் பழக்கம் நன்மையைவிடத் தீமையே செய்யும்: சைலன்சருக்குள் நீர் தங்கி அது உள்ளிருந்து அரிக்கும்.

நடு ஸ்ராண்டில் விட்டு, முன் எஞ்சினடியில் ஒரு மரக்கட்டை கொடுத்தால் இரண்டு ரயரும் தரையை விட்டு நிற்கும். சங்கிலிக்கு ஓயில் விடுங்கள். சைலன்சர் துளையைத் துணியால் அடைக்காவிட்டால் குளவி மண்கூடு கட்டும், அடைத்தால் வெளியே ஒரு சிவப்புத் துணிவால் தொங்கவிடுங்கள், எடுக்க மறக்காதபடி. எயார் பில்ரர் வாய்க்கு நுண்வலை. உறை தரையைத் தொடவே கூடாது, ஆறு அங்குலம் மேலே நிற்கட்டும். தரையைத் தொடும் உறைக்குள் இருட்டும் குளிரும் எலியும் இருந்தால் புடையன் பாம்பு வருவதற்கு வேறென்ன வேண்டும்? நீண்ட நாள் மூடிய உறையைத் தடியால் நாலு தட்டுத் தட்டிவிட்டே தூக்குங்கள்.

தண்ணீர் ஏறிவிட்டால்

சைலன்சர் மட்டத்துக்கு மேல் தண்ணீர் வந்த பைக்கை ஸ்ரார்ட் செய்து பார்க்கும் கை அரிப்பை அடக்குங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் கொனெக்ரிங் றொட் வளையும், அப்புறம் எஞ்சின் முழுவதும் பிரிக்க வேண்டும். முதலில் பற்றறியைக் கழற்றுங்கள். ஓயில் அடித்திருகைத் திறந்து பாருங்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைப் பத்துப் பதினைந்து தடவை மிதித்தால் சிலிண்டரில் இருப்பது வெளியே தெறிக்கும். பிளக் துளையால் ஒரு தேக்கரண்டி ஓயில் விட்டு மறுபடி மிதியுங்கள். எயார் பில்ரர், காபரேற்றர், டாங்கி மூன்றையும் வடித்து உலர்த்துங்கள். டாங்கியின் அடியில் தேங்கிய தண்ணீர் பெற்றோலோடு கலக்காமல் கீழேயே கிடக்கும். புது ஓயில் விட்டு, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, அதையும் ஊற்றிவிட்டு இன்னொரு முறை மாற்றுங்கள். சில்லுப் பெயரிங்குகளையும் பிறேக் றம்மையும் அந்த வாரத்திலேயே திறந்து கிறீஸ் மாற்றாவிட்டால், தை மாதம் முன் சில்லு கரகரவென்று சத்தம் போடத் தொடங்கும்.